முதல் நாள் சாம்பார்

நான்கு பள்ளிக்கூடங்களுக்கும் இனி ஒரே இடத்தில் சமைப்பது என்று முடிவானபோது எங்கள் ஊரில் அதிகம் பயந்தவள் என் அம்மாதான். அதுவரை எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அவள்தான் சமையல். கூடங்களை ஒன்றாக்கிவிட்டால் தலைமைச் சமையலுக்கு ஒருத்தி போதும். முதல் நாள் அம்மா சமைக்கட்டும், சரியாக வந்தால் அவளே இருக்கட்டும் என்று ஒன்றிய அதிகாரி சொல்லியிருந்தார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

புதுக் கூடத்துக்கு இடம் கொடுத்தது பெரிய வீட்டு ஆச்சி. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். கல்யாணங்களில் புழங்கிய பித்தளை அண்டாக்களையும் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பல வருஷம் இருட்டில் கிடந்தவை. ஆள் வைத்துப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்ததில் உள்ளும் புறமும் தங்கம் மாதிரி மின்னின.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. படித்ததே அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்குச் சாப்பாடு தூக்க அனுப்பிய பையன்களில் நானும் இருந்தேன். நாங்கள் போனபோது சோறு வடித்தாகிவிட்டது. சாம்பார் அண்டாவை இறக்கிச் செங்கல் மேல் வைத்திருந்தார்கள். ஆச்சி நாற்காலியில் இருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மற்றப் பள்ளிகளுக்குப் போக மாட்டுவண்டி காத்திருந்தது.

“எங்க மாமியா கொண்டாந்த அண்டா. இதுல கொதிக்கிற கொழம்பு ருசியே தனி, சாப்பிட்டுப் பாருங்க” என்றார் ஆச்சி.

அம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். திரும்பி ஓரமாகத் துப்பினாள். மறுபடியும் நக்கினாள். கரண்டியால் அண்டாவின் உள்விளிம்பைச் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏன்டி, உப்புக் கொறையுதா?”

“இல்ல ஆச்சி, சரியாத்தேன் இருக்கு.”

“நேரமாகுதும்மா, ஏத்துங்க” என்றார் அதிகாரி.

அம்மா ஆச்சியைப் பார்த்தாள். வாளியோடு நின்ற எங்களைப் பார்த்தாள். எனக்கு நல்ல பசி. சீக்கிரம் ஊற்றட்டும் என்று வாளியை முன்னால் நீட்டினேன்.

“டேய் பயலுகளா, அங்குட்டுத் தள்ளிப் போங்கடா. வண்டிக்காரண்ணே, நீங்களுந்தேன்.”

துணியைச் சுற்றி அண்டாவின் காதைப் பிடித்தாள். அடுத்த நொடி அது குப்புறக் கிடந்தது. சாம்பார் முழுவதும் மண்ணில் ஓடியது.

“கை வெளங்காதவளே!” என்று ஆச்சி கத்தினார்.

“ஒரு அண்டாவைப் பிடிக்கத் தெரியலை, நாலு பள்ளிக்கூடத்துக்கு நீங்க சமைக்கப் போறீங்களா?” என்றார் அதிகாரி.

“வழுக்கிருச்சுய்யா” என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

ஆச்சி வீட்டு மோரைத்தான் அன்று எல்லாப் பிள்ளைகளும் சோற்றில் ஊற்றிக்கொண்டார்கள். தலைமைச் சமையல் வேறொருத்திக்குப் போனது. அம்மாவைப் பாத்திரம் துலக்க வைத்தார்கள்.

உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோன பித்தளையில் புளிக்குழம்பு நின்றால் களிம்பேறி நஞ்சாகும் என்பதோ, ஆச்சியின் அண்டாவைக் குறை சொன்னால் அந்தக் கொட்டகையே இல்லாமல் போகும் என்பதோ எனக்கு அன்று தெரியாது. நான் கண்டதெல்லாம், வாசனைக்கு ஓடிவந்த தெருநாயை அம்மா கல்லெடுத்து விரட்டியதும், மண்ணை அள்ளி அள்ளிச் சாம்பாரை மூடியதும்தான். கொட்டிப்போனதை ஒரு நாய்க்குக்கூட விடமாட்டாளா என்று, மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த வழியெல்லாம் அவள்மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது.