சிவப்பிலேயே நின்ற சிலைட்

நான் காய்ச்சிய ஹீமட்டொக்சிலின் சாயம் முதன்முதலாக ஒரு நோயாளியின் சதைத் துண்டுக்குப் போன நாள் அது. படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த சாயப்பொடியைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மேர்க்குரிக் ஒக்சைட் போட்டதும் கத்தரிப்பூ நிறத்தில் கறுத்தது. மலைநாட்டு ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறந்த எங்கள் லெப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த டெக்னீஷியன் சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

துண்டு, தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து வந்தது. புற்று என்றால் மறுநாள் மார்பையே எடுத்துவிடுவார்கள். துண்டை ஒட்டிய கண்ணாடிச் சிலைட்டை மைக்ரொஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டிய டொக்டர் அன்று பின்னேரமே நானுஓயாவில் ரயில் ஏறிப் போகிறவர்; அதற்குள் சாயம் பிடித்தாக வேண்டும்.

சாயத்தில் ஊறிய துண்டு முதலில் சிவப்பாக இருக்கும். ஓடும் பைப் தண்ணீரில் பிடித்தால் நீலமாகும். அந்த நீலத்தில்தான் உயிரணுவின் கரு தெளிவாகத் தெரியும். பிடித்தேன். விரல் விறைத்ததுதான் மிச்சம், சிவப்பு போகவில்லை.

"என்னடாப்பா செய்தனீர்? சாயத்தைக் கெடுத்துப் போட்டீரோ?"

"நீங்கதானே சேர் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"வாய் காட்டாதையும். தள்ளும், நான் செய்யிறன்."

அவர் செய்ததும் சிவப்பிலேயே நின்றது. இரண்டு பேரும் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவருகே அந்த அக்காவின் புருஷன். "தம்பி, இன்னும் கலரு வரலையா? நீ நம்ம தோட்டத்து லயத்துப் புள்ளன்னு கேக்குறேன், மறைக்காத."

"மறைக்கல அண்ணே. எனக்கே ஒன்னும் வெளங்கல."

உள்ளே வந்து கேட்டேன்: "சேர், யாழ்ப்பாணத்துல எந்தத் தண்ணியில கழுவுவீங்க?"

"கிணத்துத் தண்ணிதான். கேத்தில் அடியிலை வெள்ளையாப் படியுமே, அந்தச் சுண்ணாம்பு..." பைப்பைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சை ஓடுறது மலைத்தண்ணி. இதிலை சுண்ணாம்பே இல்லை. பின்னை எப்பிடி நீலமாகும்?"

அமோனியா சில சொட்டு விட்டாலும் நீலமாகுமாம். போத்தல் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. கதவுக்கு ஓடினேன்.

"அண்ணே, சுண்ணாம்பு இருக்கா?"

"ஏம்பா, நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒனக்கு வெத்தல கேக்குதா?"

ஆனாலும் டப்பாவை நீட்டினார். ஒரு கிள்ளு கரைத்து, வடிகட்டி, சிலைட்டை அமிழ்த்தினோம். கண்ணெதிரே நீலமாகியது. இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்திலும் தோய்த்து டொக்டரிடம் கொடுத்தோம். புற்று இல்லை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார்.

"நீலம் வந்துதான்டா அவ தப்பிச்சா!" என்று அந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை இன்னொரு பெண்ணின் துண்டு வந்தது. நீலம் இன்னும் அழகாகப் பிடித்திருந்தது. டொக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, சர்ஜனைக் கூப்பிடச் சொன்னார். புற்று.

லெப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் ஊர்த் தண்ணீரை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். அது நான் கற்றது. சாயம் சரியாகப் பிடிக்க வைப்பது வரைதான் நம் வேலை என்பதையும் அன்று கற்றேன். ஆனால் அந்த இரண்டாவது பெண்ணின் துண்டைக் காட்டி சேர் என் முதுகில் தட்டி, "திறமான சிலைட்" என்றபோது சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.