நீலப் பூவுக்கு நான் ஊற்றிய சுண்ணாம்பு

கல்யாணமான புதிதில் என்னிடம் இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, சும்மா இருக்கத் தெரியாது. இன்னொன்று, கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டும் சேர்ந்து என் வாழ்க்கையில் ஒரு முழு வருஷத்தைத் தின்றுவிட்டன.

எழுபதுகளின் நடுவில் சித்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் சின்னக்கானலுக்குப் போனேன். வீட்டுக்காரருக்குத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை. பக்கத்து குவார்ட்டர்ஸில் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் காலமாகி, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். எனக்கு அவர் டீச்சரக்கா. ஈர விறகோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டு, காய்ந்த விறகு நாலும் ஒரு கிண்ணம் மீன்குழம்பும் கொண்டுவருவார். அந்த மலையில் எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான்.

அவர் வீட்டு முன்னறை ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி இருந்தது. ஹைட்ராஞ்சியா என்று பெயர். நாங்கள் பங்களாப்பூ என்போம். பந்து பந்தாக, நல்ல நீலமாகப் பூக்கும். ஜனவரிப் பனி கருக்கிவிடும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். பழைய எஸ்டேட்டில் இருந்தபோது அவர் கணவர் ஒரு குச்சியை ஊன்றி வளர்த்தது. மாற்றலாகி வரும்போது லாரியில் ஏற்றாமல், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீண்ட லீவு போட்டு, மகள் பிரசவத்துக்கு அக்கா ஊருக்குக் கிளம்பினார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் வருவார். செடியை என் கையில் கொடுத்தார்.

"தண்ணி மட்டும் ஊத்து பிள்ள. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

தண்ணீர் மட்டுமா? நான் யார், குடியானவர் வீட்டுப் பெண்! எங்கள் பக்கம் அடுப்புச் சாம்பல் காணாத செடி கிடையாது. வாரம் ஒரு கை சாம்பல் போட்டேன். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு டின்னில் இருந்தது. அதையும் கரைத்து, தெளிந்த நீரைப் பதினைந்து நாளுக்கொரு தரம் ஊற்றினேன். செடி வாடவில்லை, நன்றாகத்தான் இருந்தது. அக்கா வந்து மூக்கில் விரல் வைக்கப்போகிறார் என்று மனசுக்குள் ஒரே மிதப்பு.

மே கடைசியில் பூத்தது. நாலு பந்தும் அசல் ரோஸ் கலர்.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவுக வச்ச செடி எங்கட்டி?"

"இதுதானுங்க்கா."

"ஏன், நான் குருடியா? அதைச் சாவக் கொடுத்துட்டு எவ வீட்டுலயோ ரோஸ் செடி வாங்கி வச்சிருக்கே. செத்துப்போச்சுக்கான்னு சொல்லியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். என்னத்துக்குப் பொய்?"

"நான் எதுக்குங்க்கா பொய் சொல்றேன்? சாமி சத்தியமா அதே செடிதானுங்க!"

"உன் செடிய நீயே வச்சுக்க."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அன்றைக்கு நான் அழுதது செடிக்காக இல்லை. பொய்க்காரி என்று ஒருவர் என்னைச் சொன்னது அதுவே முதல் தடவை. அதுவும் எனக்கு இருந்த ஒரே ஆள்.

எஸ்டேட் ஆபீசில் மண் பார்க்கும் பெட்டி ஒன்று இருந்தது. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தெளிவில் மருந்து நாலு சொட்டு விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார்கள். தேயிலைக்கு மண் புளிப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்தச் சோதனை. வீட்டுக்காரரை அரித்தெடுத்து இரண்டு பொட்டலம் மண் அனுப்பினேன். தேயிலைத் தூரில் எடுத்த மண் ஆரஞ்சு நிறம் காட்டியதாம். தொட்டி மண் பச்சையையும் தாண்டி நீலத்துக்குப் போய்விட்டதாம், புளிப்பே இல்லையாம். புளிப்பு மண்ணில்தான் இந்தப் பூ நீலமாக வரும், சுண்ணாம்பு ஏறினால் ரோஸாகிவிடும் என்றாராம் பீல்டு ஆபீசர். மருந்தில் நீலமானால் பூவில் ரோஸ்! இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? சொல்லத்தான் போனேன். அக்கா கதவைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தலைவலி. "ஏம்புள்ள, மேனேஜர் பங்களாத் தோட்டம் பூராவும் நீலந்தான். ஒரு தொட்டி வாங்கியாந்து குடுத்துப்போட்டு, அதேதான்னு சொல்லீரு. தீந்துது."

"நா எதுக்குங்க பொய் சொல்லோணும்? இதே செடியத்தான் நீலமாக்கிக் காட்டுவேன்" என்றேன். அக்கா மீது கோபம், வீட்டுக்காரர் மீது கோபம், சுண்ணாம்பு டின் மீதும் கோபம்.

தொட்டியைக் கவிழ்த்துப் பழைய மண்ணை உதிர்த்தேன். ஒரு பக்கம் வேர் பிய்ந்துவிடுமோ என்று பயந்து, அந்தப் பக்கத்து மண்ணை அப்படியே விட்டுவிட்டேன். மீதியைத் தேயிலைத் தூர் மண்ணால் நிரப்பினேன். மண் புளிப்பேறப் படிகாரம் கரைத்து ஊற்றச் சொல்லியிருந்தார் பீல்டு ஆபீசர். கை சும்மா இருக்குமா? அளவு தாண்டி ஊற்றி, இலை ஓரமெல்லாம் கருகியது. அதைத் தேற்ற ஒரு பிடி யூரியா போட்டேன். இலை சேம்பிலை மாதிரி பெருத்ததே தவிர மொட்டு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. படிகாரம் மாதம் ஒரு சிட்டிகை, மற்றபடி வெறும் தண்ணீர். அக்கா முதலில் சொன்னதும் அதைத்தானே!

அந்த ஒரு வருஷம் குழாயடியில் என்னைக் கண்டால் அக்கா பாதிக் குடத்தோடு நகர்ந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக இருமுவது கேட்கும். சுக்குத் தண்ணி வைத்துக் கொடுக்க மனசு துடிக்கும். கோபம் விடாது.

மறு மே மாதம் மூன்று பந்து பூத்தது. புது மண் பக்கம் ஒன்று நீலம். நான் உதிர்க்காமல் விட்ட பக்கம் ஒன்று ரோஸ். நடுவில் இருந்த பந்து பாதி நீலம், பாதி ரோஸ். அய்யோ, இதுவும் கெட்டுப்போனதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மூன்றும் நீலமாகப் பூத்திருந்தால், இதுவும் வாங்கியதுதான் என்று சொல்லியிருப்பாரே!

தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா நடுப்பந்தைத் தொட்டார். காம்பு வழியே விரலை இறக்கி, இரண்டு நிறமும் ஒரே தண்டில் சேர்வதைத் தடவிப் பார்த்தார்.

"அதே செடிதானாட்டி?" என்றார். கண் நிறைந்துவிட்டது. "நீ ஒரு நீலச் செடிய வாங்கி வந்து இதுதான்னு சொல்லியிருந்தா, போன வருசமே நம்பியிருப்பேனே. ஒரு வருசம் பேசாம இருந்துட்டோமே, பாவி!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அடுத்த வருசம் மூணையும் நீலமாக்கித் தந்தர்றேனுங்க்கா. அந்தப் பக்க மண்ணையும் மாத்திப்போடறேன்."

அக்கா தொட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் வேண்டாம். நீலம் அவுக வச்சது. ரோஸ் நீ பண்ணின கூத்து. ரெண்டும் இருக்கட்டும்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தச் சுண்ணாம்பு டின்ல இன்னும் மிச்சம் இருக்கா பிள்ள?"