தம்பியின் பை ஒழுங்கான கதை

மகளின் புத்தகங்களுக்கு அட்டை போட நேற்று பிரவுன் ஷீட் வாங்கி வந்தேன். சுருளைப் பிரித்ததும் சாக்குப்பையும் மரத்தூளும் கலந்தாற்போல் ஒரு வாசனை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுருளை மூக்கருகே கொண்டுபோனேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு ஜூன் மாதம் முழுக்க இந்த வாசனைதான். அம்மா டீச்சர். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே நானும் தம்பி அருளும் படித்தோம். டீச்சர் பிள்ளையாய்ப் பிறந்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட பிழைப்பென்று. மற்றவர்களுக்கு நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் முடியும். எங்களுக்கு அம்மா தூங்கினால்தான் முடியும். அவள் மைதாப் பசை காய்ச்சுவாள், நான் லேபிள் ஒட்டுவேன். எந்தக் கிழமைக்கு எந்தப் புத்தகம் என்று கலர் பென்சிலில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியதும் நான்தான். கலெக்டர் ஆபீசையே நடத்துகிற நினைப்பு எனக்கு.

மூன்றாம் வகுப்பு அருளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. நோட்டுக்கு மூலை இருக்காது, சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி இருக்காது. ஆனால் வாய் ஓயாது. வரும் வழியில் பூட்டுப் பட்டறை வாசலில் நின்றுவிடுவான். வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பிப்பான்: "அக்கா, கேளேன்! வேற சாவிய விட்டா பூட்டு அதப் புடிச்சுக்கிருமாம். விடவே விடாதாம்! திருடன் செத்தான்ல?" டவுன் பஸ்ஸில் கோழிக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரையும், மாட்டேன் என்ற கிழவியையும் அவன் நடித்துக் காட்டியபோது, அம்மாவே அடுப்பில் பசை அடிபிடிப்பது தெரியாமல் சிரித்தாள்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரோ கேட்டுவிட்டார்களாம்: "ஊரு புள்ளைக்கெல்லாம் ஒழுங்கு சொல்றீங்களே டீச்சர், ஒங்க மகன் பையப் பாத்தீங்களா?" மறுநாள் அம்மா அவன் வகுப்புக்கே போனாள். வராந்தாவில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போன நான் ஜன்னலோரம் நின்றுவிட்டேன்.

"எல்லாரும் பாருங்க. டீச்சர் மகனோட லட்சணம் இதான்" என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். புளியங்கொட்டை, வளைந்த சாவி, காய்ந்துபோன இட்லித் துண்டு, கையெழுத்து வாங்காத கணக்குத் தேர்வுத் தாள். வகுப்பே சிரித்தது. அருளும் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். "பொறுக்குலே" என்றாள் அம்மா. முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போதுதான் அவன் முகம் மாறியது.

அன்று சாயங்காலம் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தான். அலமாரிக் கதவைப் பார்த்துப் பார்த்து மறுநாள் புத்தகங்களை அடுக்கினான்.

"இன்னிக்கு என்னடா பாத்த?"

"ஒண்ணுமில்லக்கா."

அதற்குப் பிறகு அவன் பையில் யாரும் குறை காணவில்லை. சுத்தமான நோட்டுக்கென்று ஆண்டு விழாவில் பரிசுகூட வாங்கினான். அம்மா தெருவெல்லாம் சொன்னாள்: "ஒரே ஒரு நாள்தான் அதட்டுனேன். அம்புட்டுத்தான், பய திருந்திட்டான்."

இப்போது அருள் ஓசூரில் பெரிய வேலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருவான். சர்ச் பூசைக்குப் போவான், சாப்பிடுவான், அம்மாவின் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து டப்பாவில் போடுவான். எதிலும் ஒரு பிசகு இருக்காது. கேட்டால் பதில் சொல்வான். தானாக ஒன்றும் சொல்ல மாட்டான்.

போன தடவை அவன் கிளம்பிய பிறகு அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப்புள்ளயில என்னமா பேசுவான்! நம்மளப் பேசவே விட மாட்டான். எப்ப இப்பிடி ஆனான்? ஒனக்கு எதும் தெரியுமா?"

கேலியில்லை, நடிப்பில்லை. அந்த வாயாடிப் பயல் என்றைக்குக் காணாமல் போனான் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்குத் தெரியும். இந்த வயதில் அவளிடம் அதைச் சொல்லி யாருக்கு என்ன திரும்பக் கிடைக்கப்போகிறது?

"வேலை ஜாஸ்திம்மா" என்றேன்.

"ஆமா, பெரிய வேலையாச்சே" என்றாள் அம்மா, பெருமையாக.