முனிக்கு விட்ட மரம்

மரம் வெட்டுற பாவம் வெட்டுறவனோட போயிரும், வாள் தீட்டுறவனுக்கு என்ன வந்துச்சுன்னு நினைச்சுத்தான் கலவான பஜார்ல மெஷின் வாள் ரிப்பேர் கடை போட்டேன். நினைப்புதான் பொழைப்பைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! வெயில் வந்தா மண்டை காயுது, மழை வந்தா தூக்கம் போகுது. உங்களுக்கும் அப்படித்தானே?

நிழல் தேடினவர்

மரம் வெட்டக் கொந்தராத்து எடுக்கிற சிங்கள முதலாளி, பந்துலன்னு பேரு, மூணு வாளைக் கொண்டாந்து மேசையில போட்டார். என் தங்கச்சி சரோஜா இருக்குற தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேல உள்ள காட்டை அவர்தான் வெட்ட எடுத்திருந்தார். தேயிலை பேக்டரி அடுப்புக்கு விறகு பத்தலையாம். அந்த வருஷம் மழை பேருக்குக்கூட எட்டிப் பார்க்கல, இளந்தேயிலை எல்லாம் கருகி நின்னுச்சு.

"இருக்குற மரத்தையும் வெட்டினா எப்படி மாத்தையா?"ன்னு கேட்டேன். நாற்காலியைத் தூக்கிட்டு எதிர்ப்பக்கத்து மர நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே கத்துறார்: "அம்மோ, என்னா வெயில் தம்பி! இந்தப் பலா மரம் மட்டும் இல்லாட்டி நான் செத்தே போயிருவேன்!"

அடைச்ச சைலன்சர்

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கவிதா டீச்சர் புல் வெட்டுற மெஷினைக் கொண்டாந்தாங்க. ஓட்டின உடனே கொதிக்குதாம். கழட்டிப் பார்த்தா சைலன்சர் முழுக்கக் கரி. சூடு வெளிய போக வழியில்ல.

"வானமும் இப்ப இப்படித்தான்ணே"ன்னாங்க. பெட்ரோல், டீசல், விறகு எது எரிஞ்சாலும் காபனீரொட்சைட்டு, அதான் கார்பன் டை ஆக்சைடு, மேல போய்ச் சேருதாம், சூட்டைப் போக விடாம பிடிச்சு வச்சுக்குதாம். மரம் அதைக் குடிச்சு உடம்புல வச்சிருக்குமாம். வெட்டி எரிச்சா குடிச்சது பூரா மறுபடி மேல போயிருமாம். சூடான காத்து தண்ணியைக் கூடுதலா ஏந்திக்கும், பெய்யுறப்ப ஒரேயடியா கொட்டிரும்னாங்க. எனக்குத் தங்கச்சி லயத்துக்கு மேல உள்ள காடுதான் நினைப்புக்கு வந்துச்சு.

"சைலன்சரை நான் சுரண்டிருவேன், வானத்தை யாரு டீச்சர் சுரண்டுறது?"ன்னேன். அவங்க பந்துலவோட வாள்களைப் பார்த்தாங்க. "முதல்ல அடைக்கிறதை நிறுத்துவோம்ணே. நீங்க அந்த மூணையும் தீட்டாம இருங்களேன், பார்ப்போம்."

சாமிக்கு விட்டாச்சு

வாளை வாங்க வந்தது யாருங்கிறீங்க? சரோஜா புருஷன் செல்வம். பந்துலகிட்டதான் மரம் வெட்டுறாரு. "உங்க தலைக்கு மேல உள்ள காட்டை நீங்களே வெட்டுறீங்களா? புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு சத்தம் போட்டேன். அடிக்கட்டையைக்கூட விடலையாம், விறகுக்குத் தோண்டி எடுக்கிறாங்களாம். வேரும் போனா மண்ணை எது பிடிக்கும்?

எங்காளுங்க முனியைக் கேட்காம காட்டுல வாள் வைக்க மாட்டாங்க. சூலம் நட்ட பெரிய மரத்தடியில தேங்காய் உடைச்சு, சூடம் கொளுத்தி, அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டிருந்தாங்க. அந்தத் தைரியத்துல செல்வம் சிரிக்கிறாரு: "முனிக்கு அவரு மரத்தை விட்டாச்சு மச்சான். காவலை அவரு பார்த்துக்குவாரு, நீங்க செயினைப் பூட்டுங்க."

கொட்டின மழை

பாவம் வெட்டுறவனோடதானேன்னு தீட்டிப் பூட்டிக் குடுத்தேன், காடு மொட்டையாச்சு. மழையும் வந்துச்சு, டீச்சர் சொன்ன மாதிரி ஒரேயடியா. சரோஜாவுக்குப் போன் போட்டேன், மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, அவ எடுக்கல. கடையைத் திறந்தபடி போட்டுட்டு ஆட்டோவுல ஓடினேன்.

மலை சரிஞ்சு இறங்கியிருந்துச்சு. சேறு முனி மரத்துல முட்டி ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பக்கம் சரோஜா வீட்டுக் குசினியை அடுப்போட அள்ளிட்டுப் போயிருந்துச்சு. நல்ல காலம், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல, அவ கொழுந்து நிறுக்கிற இடத்துல. செல்வம் மரத்தடியில விழுந்து, "காப்பாத்திட்டியே சாமி"ன்னு அழுவுறாரு. அவளைக் கண்ணால பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சரோஜா அழல. புருஷனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "மலையைப் பிடிக்க சாமியை மட்டும் ஒத்தையில விட்டுட்டீங்களேண்ணே!"

பந்துல இன்னமும் வாளைத் தூக்கிட்டு வர்றார், நான் தீட்ட மாட்டேன்னதும் அடுத்த கடைக்குப் போறார், எனக்கோ வாசல்ல நின்னு வானத்தைப் பார்க்கிறதே முழுநேரத் தொழிலாப் போச்சு.