இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்கள்

புருல் அக்காவின் பட்டறையில் ஒரு விதி உண்டு. அக்டோபர் பாதியில் தொடங்கி, ஊர் வீடுகளின் குழாய்களில் அரசாங்கம் சூடு விடும் நாள் வரைக்கும், அதற்கப்புறம் இன்னொரு பத்து நாளைக்கும், ஒரு வண்ணத்துக்கு மேல் போகிற எந்த வேலையையும் அவர் தொட மாட்டார். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஸ்கிரீன் அச்சு செய்கிற எல்லோருக்கும் காரணம் தெரியும். குளிர் ஈரத்தில் தாள் கொஞ்சம் விரிந்து நிற்கும். அனல் நிலையத்திலிருந்து வெந்நீர் வந்து வீட்டுக் குழாய்கள் சூடானதும் அதே தாள் சுருங்கும். மஞ்சளைச் சூடு வருமுன்னும் கறுப்பைச் சூடு வந்த பின்னும் அடித்தால் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

கல்யாணப் பத்திரிகைக்காரர் ஒருவர் வருஷா வருஷம் சீண்டுவார். "உனக்கு மட்டும் வருஷத்துல ஒரு மாசம் லீவா அக்கா?"

"லீவு தாளுக்கு. நான் ஒரே கலர்ல மாவு மூட்டைக்குச் சாக்கு அடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா பத்தொன்பது வயதில் அரசாங்க அச்சகத்தின் லேபிள் பிரிவில் சேர்ந்தவர். இருபத்தாறு வருஷம் ஒரே ஆளின் படங்களுக்குத்தான் வண்ணம் பிரித்தார். அவர் ஓவியர் ஜுமாகாதிர். தீப்பெட்டிக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் ஜாம் டப்பாவுக்கும் படம் வரைவார். புருல் அக்கா ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகக் கத்தியால் வெட்டி எடுப்பார். மாதிரித் தாள் அடித்து மேலே அனுப்ப வேண்டும். வலது கீழ் மூலையில் ஜுமாகாதிர் பென்சிலால் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். அவரோ ஏழு தடவை, எட்டுத் தடவை திருப்பி அனுப்புகிற ஆள்.

"முடியளவு விலகியிருக்கு புருல். உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல சும்மா அழகுக்கு வெச்சிருக்கியா?"

"உங்க கோடுதான் அண்ணே நடுங்குது. நான் அதுக்கு என்ன பண்ண?"

இப்படிப் பேசிக்கொண்டே பொழுது போனது. அக்காவின் கணவர் சைபீரியாவில் கட்டட வேலைக்குப் போனார்; மரப்பெட்டியில்தான் திரும்பினார். மகள் ரஷ்யாவில் கசானில் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டாள். அச்சகத்தை மூடியபோது அக்கா தான் நின்று வேலை செய்த மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஐந்துமாடிக் கட்டடம் ஒன்றின் அரைத்தளத்தில் தனியாகத் தொடங்கினார். ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மேல்மாடியில் ஓர் அறையில் நான் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன்; இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். மத்தியானத் தேநீர் அவர் பட்டறையில்தான்.

ஒருநாள் கறி வைத்த சம்சாவைப் பிட்டுக்கொண்டே அக்கா சொன்னார். "இந்த ஊர் அடுப்படி பூரா என் கை இருக்கு. என் பேரு கரண்ட் பில்லுல மட்டும்தான் இருக்கு."

அந்தப் பேரை அச்சில் போடும் வேலை என்னிடம் வந்தது. ஜுமாகாதிரின் மகள் சினாரா சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறாள். அப்பாவின் நாற்பது வருஷ வேலையைப் புத்தகமாக்கினாள். அதில் இருநூறு பிரதிகள் மட்டும் தனி: பெட்டிக்குள் புத்தகம், பன்னிரண்டு தீப்பெட்டி லேபிள்கள், அவர் கழித்துப்போட்ட கிறுக்கல்களின் மடிப்புத் தாள், அப்புறம் அவருடைய ஆப்ரிகாட் ஜாம் படம் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று வண்ணத்தில், கையால் அடித்தது, அவர் கையெழுத்தோடு. கடைசிப் பக்கத்து விவரத்தில், 'இந்தப் பதிப்பின் படங்களைக் கையால் அச்சிட்டவர் புருல் தொகோயேவா' என்று ஒரு வரி. அதைப் போடச் சொன்னது சினாராதான்.

பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் படித்தார்.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு," என்றார்.

"பெருசாக்கட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

வழக்கமாக அச்சு முடிந்த பிறகுதான் கையெழுத்து. ஆனால் ஜுமாகாதிருக்குக் கல்லீரல் போய்விட்டது. இலையுதிர் காலத்தைத் தாண்ட மாட்டார் என்று மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதனால் செப்டம்பரில் வெள்ளைத் தாள்களையே அவர் படுக்கைக்குக் கொண்டுபோனோம். இருநூறு, சேதத்துக்குப் பன்னிரண்டு. ரொட்டித் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்தோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தார்.

"பாக்காம ஒண்ணுலயும் நான் போட்டதில்ல," என்றார் ஜுமாகாதிர். "இப்பப் பாரு. வெறும் தாள்ல போடறேன். நீ என்ன வேணா அடிச்சுக்கோ."

"அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டீங்களே?"

"அனுப்ப ஆள் இருக்காது புருல்."

மூன்று நாள் பிடித்தது. கடைசி முப்பது நாற்பது தாள்களில் கையெழுத்து சரிந்து கீழே இறங்கிப் போனது. செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி அவர் போய்விட்டார்.

அவருக்காக ஓதிச் சாப்பாடு போடும் நாற்பதாம் நாள் நவம்பர் ஏழில் விழுந்தது. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் பெட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவர் மனைவி ஒரே பிடியாக நின்றார். துக்கத்தில் வேலை நின்றுபோயிருந்தது; அக்டோபர் பதினாறாம் தேதிதான் படங்களை அடித்துத் தரச் சொல்லி சினாரா பட்டறைப் படியிறங்கி வந்தாள். கறுப்புத் துணி தலையில், கண்ணுக்குக் கீழே வீக்கம்.

"நாற்பது தள்ளிப்போகாதுக்கா. அது நம்ம கையில இல்ல."

"சூடு வர்றதும் நம்ம கையில இல்ல கண்ணு."

"இந்த வருஷம் நவம்பர் ஏழு, எட்டு விடுமுறை முடிஞ்சுதான் சூடு விடுவாங்களாம். அறிவிப்பே போட்டுட்டாங்க. நீங்களே பாருங்க."

கைபேசியை நீட்டினாள். அக்கா வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். அறிவிப்பு உண்மைதான், நானும் காலையில் பார்த்திருந்தேன். அப்படியே சொன்னேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அதோடு, கடைசிப் பக்கத்தை அந்த வாரமே நான் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இருநூறு என்ற எண்ணும் அக்காவின் பேரும் தைத்துக் கட்டிய புத்தகத்துக்குள் போய்விட்டன.

அக்கா சுவரில் தொங்கிய நாள்காட்டியில் விரலை வைத்து எண்ணினார். இருபத்திரண்டில் மஞ்சள், இருபத்தேழில் சிவப்பு, நவம்பர் முதல் தேதி கறுப்பு. நடுவில் காய வேண்டும். மை தடிமன், அவசரப்படுத்த முடியாது. எல்லாம் குளிரிலேயே முடிந்துவிடும்.

"சரி," என்றார். "அவருக்காக."

மஞ்சள் நன்றாக வந்தது. ரப்பர் கட்டையை இழுக்கிற சத்தம் மேலே என் அறைவரை கேட்டது, நாள் முழுக்க ஒரே தாளத்தில். சிவப்பும் நன்றாக வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் கொடிகளில் கிளிப் மாட்டித் தொங்கின. அக்கா கோட்டு மேலே கோட்டு போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் புட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் நின்று பார்த்துக்கொண்டு போனார்.

இருபத்தொன்பதாம் தேதி பனி கொட்டியது. அந்த வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் குழந்தைகள் உறைகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. அறிவிப்பை மாற்றிக்கொண்டு, முப்பதாம் தேதி விடியலிலேயே வெந்நீரைத் திறந்துவிட்டார்கள். கட்டடம் முழுவதற்குமான தடிக்குழாய் அக்காவின் பட்டறைக் கூரையை ஒட்டித்தான் போகிறது. அதை அடைக்கத் திருகு கிடையாது.

காலை எட்டரைக்கு அக்கா கதவைத் திறந்தபோது நானும் படியில் இருந்தேன். முகத்தில் வெக்கை அடித்தது. தாள்கள் எல்லாம் காய்ந்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கித் தொங்கின. அக்கா கோட்டைக் கழற்றவில்லை. நேராகப் போய் ஒரு தாளை எடுத்துக் கறுப்புக்கான சட்டத்தின் கீழ் வைத்தார். பழத்தின் மேல் விளிம்புக்குக் கோடு சரியாக நின்றது. கீழ் விளிம்பில் நகக்கண் அளவு வெளியே நின்றது.

"ரெண்டு மில்லி," என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் போராட்டம். குழாயைச் சுற்றி ஈரக் கம்பளம் கட்டினோம். அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். ஜன்னலைத் திறந்து போட்டோம். தாள் கொஞ்சம் திரும்பி வரும், மேசைக்குப் போவதற்குள் மறுபடி சுருங்கும். கறுப்புப் படத்தை நான் கணினியில் சுருக்கிப் புது ஸ்கிரீன் செய்து கொடுத்தேன். அதிலும் சிக்கல்: குழாய்க்குப் பக்கத்தில் தொங்கியவை ஒரு மாதிரி, ஜன்னலோரம் தொங்கியவை இன்னொரு மாதிரி சுருங்கியிருந்தன. ஒன்றுக்குப் பொருந்தியது மற்றதற்குப் பொருந்தவில்லை. சேதத்துக்கென்று வைத்த பன்னிரண்டும் சோதனையிலேயே போயின. மீதி இருநூறையும் ஐந்து நாளில் அடித்து முடித்தார். வேறு வழியில்லை, விட்டால் அதற்கும் மேல் சுருங்கும்.

மேசையில் இரண்டு அடுக்கு. ஒன்றில் சரியாக உட்கார்ந்தவை, அறுபத்து மூன்று. இன்னொன்றில் நூற்று முப்பத்தேழு. அந்த நூற்று முப்பத்தேழில் பழம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று.

சினாரா வந்து பெரிய அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நல்லாத்தானே இருக்கு? பழைய லேபிள் மாதிரியே இருக்கு. யாருக்கு என்ன தெரியப்போவுது?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்பா கையெழுத்து இருக்குல்ல இதுல?"

"அதான் பிரச்சினையே. கையெழுத்துன்னா சரின்னு அர்த்தம். அவர் இதப் பாத்துச் சரின்னு சொல்லல."

"அப்ப என்னக்கா பண்ணச் சொல்றீங்க? இருநூறுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. நரின் ஊர்லருந்து ரெண்டு வேன்ல ஆள் வருது."

"அறுபத்து மூணு பேருக்குக் குடு. மத்தவங்களுக்கு வெறும் புத்தகம்."

"யாருக்குக் குடுக்க, யாருக்கு விட? பெரியப்பா வீட்டுக்குக் குடுத்துட்டு அத்தை வீட்டுக்கு இல்லன்னா எங்கம்மாவ உயிரோட விடுவாங்களா?" பிறகு குரலைத் தணித்தாள். "புதுத் தாள்ல அடிச்சிடலாமா? அவர் கையெழுத்து உங்களுக்கு அத்துப்படிதானே அக்கா."

அக்கா அவள் கையிலிருந்த தாளை வாங்கி அடுக்கில் வைத்தார். "அத்துப்படிதான். பாதி தூக்கத்துல கூடப் போடுவேன். போட மாட்டேன்."

சினாரா முகத்தை மூடிக்கொண்டு மேசையருகிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தார். பிறகு சினாரா எழுந்து இரண்டு அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அக்கா தடுக்கவில்லை. அவள் அப்பாவின் தாள்கள்.

ஆறாம் தேதி மத்தியானம் பதிப்பகத்தில் நானும் சினாராவும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா வந்தார். கையில் சின்னப் புட்டியில் கறுப்பு மை, ஒரு தூரிகை.

"என்னக்கா இது?"

"கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்குல்ல. அத மூடப்போறேன்."

"இப்பவா? நாளைக்குக் காலைல குரான் ஓதறாங்க."

"காயறதுக்கு நேரம் இருக்கு."

"அம்மா கேட்டா நான் என்ன சொல்ல?"

"மை சிந்திருச்சுன்னு சொல்லு. நீ படத்த வெச்சுக்கோ, கையெழுத்த வெச்சுக்கோ. பேரு என்னோடது."

சினாரா பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்தேன். அக்கா தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்தார். கோணல் கிடையாது, மேல் வரியிலும் கீழ் வரியிலும் படவில்லை. பெட்டிக்குள் சரியான படம் இருக்கிறதா, தவறானதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துத் தனித்தனியாக அடுக்கினேன். நூற்று முப்பத்தேழு முடிந்ததும் நான் நிறுத்தினேன்.

"இனி எல்லாம் நல்லதுதான் அக்கா. இதுல உங்க பேரு இருக்கட்டுமே."

"அதக் குடு."

"இதுல தப்பு இல்லையே."

"ஒரு வீட்டுல இது இருக்கும், பக்கத்து வீட்டுல அது இருக்கும். ஒருத்தி எப்பவாவது ரெண்டையும் சேத்து வெச்சுப் பாப்பா. யாரு அடிச்சான்னு பேரத் தேடுவா." தூரிகையை மையில் தோய்த்தார். "குடு தம்பி."

கொடுத்தேன். அறுபத்து மூன்றும் முடிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்குள்ளும் முற்றத்துக் கூடாரத்திலும் கூட்டம். ஓதி முடித்து, சாப்பிட்டு, போகிறவர்கள் கையில் இறைச்சியும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் வைத்த பையோடு ஒரு பெட்டியையும் கொடுத்தார்கள். பலர் பெட்டியையும் அதே பைக்குள் திணித்தார்கள். வாசலருகே நின்று நரின்காரர் ஒருவர் மட்டும் திறந்து புரட்டினார். கடைசிப் பக்கத்துக் கறுப்புப் பட்டையை விரலால் தடவினார்.

"இது என்னம்மா, இதுவும் டிசைனா?"

"ஆமா," என்றாள் சினாரா.

மூன்றடி தள்ளி அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நீட்டிய கிண்ணங்களை வரிசையாக நிரப்பினார். கெண்டி தீர்ந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனார். அக்காவுக்கென்று எடுத்து வைத்த பெட்டி சாயங்காலம் வரை அலமாரி மேலேயே இருந்தது. பெரியப்பாவின் மருமகள் தனக்கு வரவில்லை என்று கேட்டபோது சினாரா அதை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.