பதினேழாவது போர்ட்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க சாலமன்ராஜ் பொறுப்பு. கெட்டிக்காரன்தான். ஆனால் தான் செய்த வேலையில் ஒரு சின்னக் குறை தெரிந்தாலும் அவனுக்குச் சோறு தண்ணி இறங்காது.

மாடியில் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி மாறும். அதோடு நெட்வொர்க்கில் அதற்குரிய முகவரியும் மாறி, எது யாருடையது என்று தெரியாமல் போகும். அதற்கு அவன் ஒரு வழி செய்தான். ஒரு கம்ப்யூட்டர் முகவரி கேட்டால், நடுவில் எல்லா வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி, ‘இது பதினேழாவது போர்ட்டிலிருந்து வருகிறது’ என்ற குறிப்பையும் சேர்த்து மெயின் ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அந்த போர்ட்டுக்கு, அதாவது வயர் செருகும் அந்தத் துளைக்கு, ஒதுக்கிய முகவரியைக் கொடுக்கும். எந்த மெஷினைச் செருகினாலும் அந்த இடத்துக்கு அதே முகவரிதான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அங்கே உட்காருகிறவர் பெயரையே வைத்தான். பதினேழு, டிசைன் பிரிவில் வேலை பார்த்த அவன் மனைவி வினோலியா.

“ஆள் பேரு எதுக்குப் போடுதீக? நாளைக்கு நான் வேற சீட்டுக்கு மாறுனா?” என்றாள் அவள்.

“நீ எங்கன மாறப் போற?”

அவன் ஏழு மணிக்கே பைக்கில் வந்துவிடுவான். அவள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வெம்பக்கோட்டையிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். எட்டே முக்காலுக்கு அவன் திரையில் அவள் மெஷினைப் போட்டதும் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். வந்துவிட்டாள் என்று டீ குடிக்கப் போவான்.

போன ஆடியில் ஒரு நாள் பச்சை எரியவில்லை. டிசைன் பிரிவில் வேனில் வருகிறவள் அவள் ஒருத்திதான்; உள்ளூர்க்காரர்கள் பெயரெல்லாம் எரிந்தது, அவள் பெயர் மட்டும் இல்லை. தன் செட்டிங்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான் அந்த மனுஷன். போனை மேஜையில் சார்ஜரில் போட்டுவிட்டு, சுவிட்ச் அறைக்குள் போய்க் கேபிளைக் கழற்றி மாட்டினான், குறிப்பைச் சர்வருக்குக் கடத்தும் செட்டிங்கைத் திரும்ப அமைத்தான். ஒரு எட்டு மாடியேறி அவள் நாற்காலியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஐம்பது நிமிஷம் கழித்து, போனில் கூப்பிட்டும் அவன் எடுக்காததால் சூப்பர்வைசர் சவரியப்பன் ஓடி வந்த பிறகுதான் வேன் கவிழ்ந்தது தெரிந்தது.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவள் உயிர் போயிருந்தது. “கடைசி வரைக்கும், அவுக வந்துட்டாகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கண்ணே,” என்றாள் நர்ஸ் இசபெல்.

அந்தச் சீட்டுக்குச் செல்வலட்சுமி என்ற பெண் வந்தாள்; அவளும் கம்பெனி வேனில்தான் வருவாள். மெஷினும் புதுசு. செருகியதும் பழைய முகவரி வந்தது, வினோலியா பெயரில் பச்சை எரிந்தது.

“பேரை மாத்திரு தம்பி,” என்றார் சவரியப்பன்.

“மாத்துதேன்ணே.”

நான்கு மாசம் மாற்றவில்லை. தினமும் காலையில் அந்தப் பச்சையைப் பார்ப்பதற்காகவே வேலைக்கு வந்தான். ஒரு நிமிஷம் அவள் மாடியில் இருக்கிற மாதிரி இருக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் எட்டே முக்கால் தாண்டியும் பச்சை இல்லை. இந்தத் தடவை அவன் கேபிளைத் தொடவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்தின் வாசல் கேட்டுக்கு ஓடினான். வேன் டிரைவரைக் கூப்பிட்டான், அவர் எடுக்கவில்லை. தூறலில் அரை மணி நேரம் நின்றான். ஒன்பதே காலுக்கு வேன் வந்தது. வழியில் பஞ்சராம்.

“என்னண்ணே, மழையில நிக்கீக?” என்று இறங்கினாள் செல்வலட்சுமி.

“வந்துட்டியாம்மா,” என்றவன், எல்லார் முன்னாலும் விம்மி அழுதான்.

அன்றைக்கே வினோலியா என்பதை அழித்துவிட்டுச் செல்வலட்சுமி என்று எழுதினான். இப்போதெல்லாம் எட்டே முக்காலுக்கு அவன் திரை முன்னால் இருப்பதில்லை. வேன் வரும்வரை கேட்டில்தான் நிற்கிறான்.