லிசிக்கு ஒரு ஸ்டூல்

சேலையை விரிக்க லிசிக்கு ஒரு கை போதும். இடது கையால் ஒரு வீசு வீசினால் ஐந்தரை மீட்டரும் மேசையில் வந்து விழும். வலது கை முந்தானைக்குள் அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும். "பார்டரப் பாருங்கக்கா, எத்தனை தடவ துவைச்சாலும் சாயம் போகாது" என்று சொல்லும் குரலில் நடுக்கம் இருக்காது. வந்தவர் குனிந்து விலைச் சீட்டைப் பார்க்கும் இரண்டு மூன்று நொடியில் லிசி பல்லைக் கடித்துக்கொள்வார். அவர் நிமிர்வதற்குள் சிரிப்பு பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

வயது நாற்பத்து மூன்று. வீடு பாலக்கரை. வேலை, திருச்சி என்.எஸ்.பி. சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடி, காட்டன் பிரிவு. அந்தக் கடையின் முதல் மாடியில் ஆண்கள் வெள்ளை மெத்தையில் சம்மணமிட்டு அமர்ந்து பட்டு விற்பார்கள். அதற்குப் பெயர் பாரம்பரியம். இரண்டாவது மாடியில் பெண்கள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடி விற்பார்கள். அதற்குப் பெயர் சுறுசுறுப்பு.

இரண்டு பிரசவமும் அறுவை. பிறகு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். வெளித் தையல் ஆறிவிட்டது. உள்ளே உண்டான தழும்பு குடலைப் பிடித்து வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. ஒரு மருத்துவர் வாயு என்றார். இன்னொருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லயே, மனசுல ஏதும் கவலையாம்மா?" என்றார். ஆணுக்கு முதுகு வலித்தால் எலும்பைப் படம் எடுக்கிறார்கள். பெண்ணுக்கு வயிறு வலித்தால் மனதைத் துழாவுகிறார்கள். கடைசியில் புத்தூரில் ஒரு இளம் பெண் மருத்துவர்தான், இந்த ஒட்டல் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது, வலி உண்மை, அறுத்துப் பிரித்தாலும் மறுபடி ஒட்டக்கூடும் என்று எடுத்துச் சொன்னார். தீராத வலி என்று கேட்டும் லிசி அழவில்லை. "அப்பாடா, நான் பொய் சொல்லலன்னு ஒரு ஆளாவது சொல்லுச்சு" என்று வெளியே வந்து ஒரு ரோஸ்மில்க் குடித்தார்.

கூட வேலை செய்யும் பெண்களுக்கு அவர் சொல்லும் விளக்கம் எந்த மருத்துவப் புத்தகத்தையும்விடத் தெளிவானது. "கஞ்சி போட்ட சேலைய ஈரத்தோட மடிச்சு வச்சுட்டா மடிப்பு மடிப்பா ஒட்டிக்கும்ல? இழுத்தா கிழியும், விட்டா பிரியாது. அதாண்டி என் வயிறு."

வலிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பங்காளி. "காலையிலயே பங்காளி பாகம் கேட்டு வந்துட்டான்" என்றால் அன்று பேச்சுக் குறையும், வேலை குறையாது. மதியச் சாப்பாட்டை நான்காகப் பிரித்து, குழைந்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்பார். வீட்டிலிருந்து வரும் வழியில் எத்தனை வேகத்தடை என்பது பஸ் ஓட்டுநரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கம்பியைப் பிடித்து, இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக்கொள்வார்.

அவர் வயிற்றுக்கு மூன்று மதங்களும் வைத்தியம் சொல்லியிருக்கின்றன. மாமியார் வேளாங்கண்ணியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார். டீக்கடை நவ்ஷாத் ஓதிய தண்ணீர் கொடுத்தார். ஒன்பது கஜம் வாங்க வரும் ஸ்ரீரங்கத்து மாமி, "தன்வந்திரி சன்னதிக்கு ஒரு நடை வந்துட்டுப் போயேண்டி. நோக்குன்னு நான் வேண்டிண்டாச்சு" என்றார். லிசி யாரையும் புண்படுத்துவதில்லை. எண்ணெயைத் தலையில் தேய்த்தார். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தார். மாமியிடம் மட்டும் சொன்னார்: "சாமி பாவம் மாமி. அறுத்தது டாக்டருங்க, நிக்க வைக்கிறது மொதலாளி. சாமிகிட்ட எதுக்குப் போய்க் கேக்கணும்?"

உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் அந்த உள்ளிழுப்பு தளரும். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. கடையும் ஸ்டூல்கள் வாங்கிற்று. வாங்கி, ஐந்தாவது மாடி ஸ்டாக் அறையில் அடுக்கி வைத்தது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் இறங்கும். அவர் போனதும் ஏறிவிடும்.

இந்த ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் காலையில் லிசியே மேலே போய் ஒன்றை எடுத்து வந்து தன் மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாடி மேற்பார்வையாளர் பாலு ஓடி வந்தார்.

"அக்கா, இன்னும் முதல் போணியே ஆகலக்கா. இப்பப் போயி உக்காந்தா லட்சுமி எப்படிக்கா உள்ள வரும்?"

"கல்லாவுக்கு மேல படம் மாட்டியிருக்கீங்களே தம்பி, அதுல லட்சுமி என்ன நின்னுக்கிட்டா இருக்கு? தாமரையில ஜம்முனு உக்காந்துல்ல இருக்கு!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாலுவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் தலைக்கு மேலே இருந்த கேமரா நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அவர் லிசியிடம் வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து உங்களுக்கு வாசல் டியூட்டிக்கா. வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லணும். நாள் பூரா நின்னுக்கிட்டுத்தான். முடியலன்னா வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு மொதலாளி."

லிசியின் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கணவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை; மழை பிடித்தால் அதுவும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வீடு அல்ல அது. முதலாளிக்கும் அது தெரியும்.

"சரி தம்பி. நின்னுக்கிட்டுத்தான் சொல்லணும்னு எழுத்துல குடுங்க."

"எழுத்துல எப்படிக்கா குடுப்பாங்க?"

"குடுக்க முடியாதுல்ல? உக்காரலாம்னு சட்டம் எழுத்துல இருக்கு. எனக்கு அது போதும்."

மறுநாள் காலை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், சந்தனக் கிண்ணத்துக்கும் குங்குமத் தட்டுக்கும் இடையில், லிசி ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார். பங்காளி விடியற்காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் "வாங்க, வாங்க" என்று கைகூப்பினார். உட்கார்ந்து சொன்ன வணக்கம் செல்லாது என்று ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

பத்தரை மணிக்கு முதலாளியின் கார் வந்து நின்றது. காவலாளி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கதவுக்கு உள்ளேயிருந்து பாலு, "எந்திரிங்கக்கா, எந்திரிங்க" என்று கையால் கெஞ்சினார். முதலாளி படியேறி, நேராக லிசிக்கு முன்னால் வந்து நின்றார்.

லிசி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார்.

"வாங்க சார். லிஃப்ட் வலது பக்கம்" என்றார், உட்கார்ந்தபடியே.